எழுதிக் கொடுத்தால்தான் கொடை: காரைக்குடி வட்டாரக் கல்லூரிகளின் கணினித் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய துறைத் தலைவர்களுக்கும், கடைசி ஆண்டு புராஜெக்ட் பார்க்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். சொந்த ஊர் கானாடுகாத்தான். அப்பா அங்கே ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். உங்களிடம் படித்து வெளியே வந்த பிள்ளைகளோடு தினமும் வேலை பார்க்கிறேன். அவர்கள் எழுதும் நிரலைப் படிக்கிறேன், திருத்துகிறேன், சில சமயம் அவர்களிடமிருந்து கற்றும் கொள்கிறேன். அந்த உரிமையில்தான், எழுதும் மென்பொருளோடு உரிமமும் (யார், எப்படிப் பயன்படுத்தலாம் என்ற எழுத்து அனுமதி) எழுதி வைக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள் என்று கேட்டு இதை எழுதுகிறேன்.

2023 தை மாதம் தேவகோட்டையில் ஒரு கல்யாணம். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் மேசை போட்டு, லேப்டாப்பும் கையகல ரசீது பிரிண்டரும் வைத்து ஒரு தம்பி மொய் எழுதிக்கொண்டிருந்தார். 501 ரூபாய் கொடுத்தேன். ஊர், விலாசம், பெயர் கேட்டார். ரசீது கிழித்துக் கொடுத்தார். சட்டைப் பையில் வைக்கப் போனவன் நின்றுவிட்டேன். ஊர் என்ற இடத்தில் 'கானடுகாத்தான்' என்று அச்சாகியிருந்தது. 'ன'வுக்குப் பக்கத்தில் வர வேண்டிய ஒரு கால் இல்லை.

அந்தக் காலை விட்டவன் நான். அந்தக் கல்யாணத்துக்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால், நான் எழுதிய ஒரு மொய் மென்பொருளுக்காக, ராத்திரி இரண்டு மணிக்கு, இந்த வட்டாரத்து ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தபோது சொந்த ஊரிலேயே தப்பு செய்திருந்தேன். 2020-இல் கண்டுபிடித்துத் திருத்தினேன். அதற்கு முன்னால் எடுத்த பிரதியில் மட்டும்தான் அந்தப் பிழை இருக்க முடியும்.

ரசீதின் அடியில் ஒரு நிறுவனத்தின் பெயரும் கைபேசி எண்ணும் இருந்தன. அதற்கும் கீழே பொடி எழுத்தில் 'காப்புரிமை பெற்றது' என்று இருந்தது. என் பெயர் எங்கும் இல்லை.

அந்த மென்பொருள் எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா மொய் எழுதுவதில் கெட்டிக்காரர். எந்தச் சாதி வீட்டுக் கல்யாணம் என்றாலும், காதுகுத்து என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நோட்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, தாய்மாமன் மொய்யை முதல் வரியில் எழுதித் தொடங்குவார். நம் பக்கத்தில் ஒரே ஊரில் நாலு சிதம்பரமும் ஐந்து மெய்யப்பனும் இருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது பெயருக்கு முன்னால் வரும் விலாசம்தான்: சித., பழ., ராம., அரு. என்று இரண்டு இரண்டு எழுத்தாக. வெளியூரில் எழுதிய மென்பொருள்களுக்கு இது புரிவதில்லை. ஓரெழுத்து இனிஷியல் மட்டும்தான் ஏற்கும். அதனால் அப்பாவின் நோட்டு முறையையே அப்படியே வைத்து, ஊர் வாரியாகவும் விலாச வாரியாகவும் தேடித் தருகிற மாதிரி ஒன்றை எழுதினேன். 'ஏடு' என்று பெயர் வைத்தேன்.

தொகையை எழுத்தில் அச்சிடுவதற்கு மட்டும் நாலு மாதம் ஆனது. 2501 என்று கொடுத்தால் 'இரண்டாயிரத்து ஐந்நூற்று ஒன்று' என்று வர வேண்டும். ஐநூறு இல்லை, ஐந்நூறு. ஒன்பதுக்கு வந்தால் இன்னும் சிக்கல்: தொண்ணூறு, தொள்ளாயிரம், அப்புறம் திடீரென்று ஒன்பதாயிரம். ஒரு தமிழாசிரியர் உட்கார்ந்து எனக்கு ஒவ்வொரு புணர்ச்சியாகச் சொல்லிக் கொடுத்தார். ரசீது பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்தே இல்லை என்பது இன்னொரு தலைவலி. வரியைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அதைப் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் எழுதித் தந்தார். இப்படி ஏழு பேர் கை வைத்த வேலை அது. 2018-இல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று, நிரலைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் போட்டேன். மொய் எழுதிப் பிழைக்கிறவர்கள் லைசென்ஸ் காசு கட்டாமல் பிழைக்கட்டும் என்பதுதான் எண்ணம்.

கல்யாணத்துக்கு மறுநாள் அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். 'இன்டர்நெட்ல சும்மா கிடந்துச்சு, எடுத்தோம்' என்றார்கள். சண்டை போடவில்லை, அப்போது எனக்கு அழுகைதான் வந்தது. அன்று ராத்திரி வேறொரு எண்ணிலிருந்து அழைப்பு. 'அண்ணே, அதை எடுத்து மாத்துனது நான்தான். காலேஜ்ல புராஜெக்டுக்கு இப்படித்தாண்ணே எடுப்போம். பேரை அழிச்சிட்டு நம்ம பேரைப் போடுவோம். தப்புன்னு யாரும் சொல்லலை.' மன்னிப்புக் கேட்டார். நல்ல பிள்ளை. நம் வட்டாரத்தில்தான் படித்தவர். எந்தக் கல்லூரி என்று நான் கேட்கவில்லை, இங்கே அது முக்கியமும் இல்லை.

இந்த மடல் அந்த நிறுவனத்துக்கு இல்லாமல் உங்களுக்கு வருவதற்கு அந்தத் தம்பியின் கடைசி வாக்கியம்தான் காரணம். அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் போட்ட நிரலோடு உரிமம் என்று ஒரு வரிகூட இல்லை. பொதுவில் வைத்தாலே அது, யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் ஆகிவிடும் என்று நம்பியிருந்தேன்.

மதுரையில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். அவர் பொறுமையாக விளக்கியதை உங்கள் வகுப்பில் யாராவது எனக்கு அந்த வயதில் சொல்லியிருக்கலாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. கதை, கட்டுரை மாதிரியேதான். எழுதிய கணத்திலேயே எழுதியவருக்கு உரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுதியவர் வாழ்நாள் முழுக்கவும், அதற்கப்புறம் 60 வருஷமும் அது நிற்கும். அந்த உரிமையில் ஒரு பங்கை அடுத்தவருக்குத் தர வேண்டுமானால் எழுத்தில் தர வேண்டும் என்று 30-ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, உரிமம் எழுதாமல் பொதுவில் போட்ட நிரலை ஒருவர் பார்க்கலாம், கிட்ஹப்பின் விதிப்படி அங்கேயே தன் கணக்கில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். மாற்ற, விநியோகிக்க, விற்க யாருக்கும் அனுமதி இல்லை.

யோசித்துப் பாருங்கள். நான் ஊருக்குக் கொடுத்ததாக நினைத்தேன். சட்டப்படி நான் எதையுமே கொடுக்கவில்லை. சட்டம் தெரிந்த நேர்மையான ஆள், 'உரிமம் இல்லையே, தொடக் கூடாது' என்று விலகிப் போயிருப்பார். தெரியாதவரும் கவலைப்படாதவரும்தான் எடுத்திருப்பார்கள். யாருக்காக எழுதினேனோ அவர்களை வாசலில் நிறுத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருந்தேன்.

நம் ஊர்க் கோயில்களில் கட்டளை என்று ஒன்று உண்டு. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்ன நிலத்து வருமானத்தில் இன்ன நாள் அபிஷேகம், இன்ன வேளைக்கு விளக்கு என்று எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். எழுதியவர் போய், அவர் பேரனும் போன பிறகும் விளக்கு எரிகிறதென்றால், கொடுத்ததோடு நிற்காமல் எதற்கு, எப்படி என்று எழுதி வைத்ததால்தான். எழுதாமல் விட்ட நிலம் என்ன ஆகும் என்றும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கல்லூரிகளே இப்படி எழுதிக் கொடுத்ததில் எழும்பியவை அல்லவா? 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். இன்றும் அங்கே அதே வேலைதான் நடக்கிறது.

மென்பொருளுக்குக் கட்டளை எழுதுவதுதான் உரிமம் எழுதுவது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் ஜி.பி.எல் என்ற பொது உரிமத்தை வெளியிட்டபோது செய்தது இதைத்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன். எடுத்துக்கொள், மாற்று, விற்கக்கூடச் செய். ஆனால் நீ யாருக்குக் கொடுக்கிறாயோ அவருக்கு மூல நிரலையும் (ஆள் படித்து மாற்றக்கூடிய வடிவத்தையும்) இதே உரிமையையும் சேர்த்துக் கொடு. பதிப்புரிமையை விட்டுக்கொடுத்து இதைச் செய்யவில்லை, பதிப்புரிமையைக் கையில் வைத்துக்கொண்டுதான் செய்தார். உரிமை அவரிடம் இருப்பதால்தான் நிபந்தனை போட முடிகிறது. மாணவர்கள் இந்த ஒரு இடத்தைப் புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

இந்த நிபந்தனைகளுக்கெல்லாம் கோர்ட்டில் மதிப்பு உண்டா என்று அந்த வழக்கறிஞரிடம் கேட்டேன். அவர் சொன்ன வழக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. அமெரிக்காவில் ராபர்ட் ஜேக்கப்சன் என்று ஓர் இயற்பியல் பேராசிரியர். பொம்மை ரயில் ஓட்டுவதில் ஆசை உள்ளவர். அந்த ரயில்களைக் கணினியிலிருந்து இயக்க நண்பர்களோடு சேர்ந்து ஒரு திறந்த மூல மென்பொருள் எழுதினார். அதிலிருந்த சில கோப்புகளை ஒரு நிறுவனம் எடுத்து, எழுதியவர் பெயரையும் பதிப்புரிமை வரியையும் நீக்கிவிட்டுத் தன் சரக்கில் சேர்த்துக்கொண்டது. அவர் வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட் இது வெறும் ஒப்பந்த மீறல் மாதிரிதான் என்று சொல்லி, தடை உத்தரவு தர மறுத்தது. 2008 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. பெயர் போடு, மாற்றியதைச் சொல்லு என்பவை உரிமத்தின் நிபந்தனைகள்; அவற்றை மீறி எடுத்தால் அது பதிப்புரிமை மீறல் என்றது. காசு வாங்கவில்லை என்பதற்காக எழுதியவருக்கு இழப்பு இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் அந்தத் தீர்ப்பு சொன்னது. பொழுதுபோக்குக்கு எழுதிய பொம்மை ரயில் நிரலுக்கு இது கிடைத்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு நம் கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தாது என்பது சரி. ஆனால் 'சும்மா போட்டது, சும்மா எடுத்தோம்' என்ற பேச்சுக்கு அதைவிடத் தெளிவான பதிலை நான் பார்க்கவில்லை.

வீடுகளில் இருக்கிற வைஃபை ரவுட்டரைக் காட்டியும் இதைச் சொல்லிக் கொடுக்கலாம். 2003-இல் லிங்க்சிஸ் ரவுட்டர் ஒன்றுக்குள் ஜி.பி.எல் உரிமத்தில் உள்ள லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் நிரல் இருப்பது தெரிந்து, ஆட்கள் விடாமல் கேட்டதில் மூல நிரல் வெளியே வந்தது. அதிலிருந்துதான் ரவுட்டர்களுக்கான திறந்த மூல மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. நிபந்தனை எழுதி வைத்திருந்ததால் வந்த விளைச்சல் அது.

என் கதைக்கு வருகிறேன். நோட்டீஸ் அனுப்பினோம். சில வாரத்தில் அவர்கள் ரசீதின் வடிவத்தை மாற்றினார்கள், ஊர்ப் பெயரைத் திருத்தினார்கள், 'காப்புரிமை பெற்றது' என்ற வரியை எடுத்தார்கள். அந்த வரியே தப்பு. காப்புரிமை கண்டுபிடிப்புக்கு, பதிப்புரிமை எழுத்துக்கு. கணினி நிரலுக்கு, அது வெறும் நிரல் என்ற அளவில், காப்புரிமை கிடையாது என்று 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(k) பிரிவு சொல்கிறது. இரண்டு சொல்லையும் குழப்பாதவர்கள் நம்மிடையே குறைவு, புராஜெக்ட் அறிக்கைகளிலும் இதே குழப்பத்தைப் பார்க்கிறேன். மற்றபடி அவர்கள் பெயர் போடவும் இல்லை, மூலத்தை வெளியிடவும் இல்லை. கோர்ட்டுக்குப் போகலாம் என்றார் வழக்கறிஞர். போகவில்லை. அந்தத் தம்பி வேலையை விட்டுவிட்டு என்னோடு சேர்ந்திருந்தார், அவரைச் சாட்சிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் கோபத்தில் இன்னொரு தவறு செய்தேன். 'வணிக நோக்கத்தில் பயன்படுத்தக் கூடாது' என்று நானே ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். ஒரு மாதம் கழித்துத் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார்: 'கல்யாணத்துக்கு ஆயிரம் ரூபாய் கூலி வாங்கிட்டு மொய் எழுதுறேங்க. இது வணிகமா, நான் இதை வெச்சுக்கலாமா?' பதில் சொல்ல முடியவில்லை. என் அப்பா செய்த அதே வேலை அவர் செய்வது. அவரைத்தான் நான் வெளியே தள்ளியிருந்தேன். வணிகத்துக்குத் தடை போட்ட உரிமம் திறந்த மூல உரிமமே ஆகாது என்பதையும் அப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். சொந்தமாக உரிமம் எழுதாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பல வருஷமாக வழக்கறிஞர்கள் அடித்துத் திருத்திய வாசகங்கள் தயாராக இருக்கின்றன.

கடைசியில் நான் எடுத்தது ஏ.ஜி.பி.எல். காரணம் இருக்கிறது. ஜி.பி.எல் நிபந்தனை நிரலைப் பிரதியாக இன்னொருவர் கையில் கொடுக்கும்போதுதான் வேலை செய்யும். என் நிரலை ஒருவர் தன் சர்வரில் ஏற்றி, மாற்றி, மொய் எழுதுகிறவர்களிடம் மாத வாடகை வாங்கினால் அங்கே பிரதி எதுவும் கைமாறுவதில்லை. ஊருணித் தண்ணீரைக் குடத்தில் மொள்ளக் கூடாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ராத்திரியில் மோட்டார் வைத்து லாரியில் ஏற்றுகிறவரைத்தான் கேட்போம். 2007 நவம்பரில் வந்த ஏ.ஜி.பி.எல் அந்த இடத்தைத்தான் அடைக்கிறது. நிரலை மாற்றி வலை வழியாகப் பயன்படுத்தத் தருகிறவர், பயன்படுத்துகிறவர்களுக்கு அந்த மாற்றிய மூலத்தையும் தர வேண்டும். விற்கலாம், வாடகை வாங்கலாம், தடையில்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் இதுவே சரி என்று நான் சொல்லவில்லை. எண்ணைத் தமிழ் எழுத்தாக மாற்றும் அந்தச் சின்னப் பகுதியைத் தனியாகப் பிரித்து எம்.ஐ.டி உரிமத்தில் கொடுத்திருக்கிறேன். பதிப்புரிமை வரியையும் உரிம வாசகத்தையும் விடாமல் வைத்திருந்தால் போதும், மூடிய மென்பொருளில்கூடச் சேர்த்துக்கொள்ளலாம். ஜவுளிக்கடை பில்லிலும் பேங்க் செக்கிலும் 'ஐந்நூற்று' என்று சரியாக அச்சாக வேண்டும் என்பதுதான் அங்கே என் ஆசை. அதற்கு நிபந்தனை குறைய இருப்பதே நல்லது. காப்புரிமைச் சண்டை வரக்கூடிய துறையில் எழுதுகிறவர்கள் அப்பாச்சி 2.0 பார்க்கலாம், அதில் பங்களிப்பவர்கள் தங்கள் காப்புரிமையையும் சேர்த்தே அனுமதிக்கிறார்கள். எதைப் பாதுகாக்க நினைக்கிறோம் என்று முதலில் தெரிந்தால் உரிமத்தைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் போதும்.

உரிமத்தை மாற்றுவதுதான் பெரும்பாடு. நான் மட்டும் எழுதியிருந்தால் ஒரே நாளில் மாற்றியிருப்பேன். ஏழு பேர் எழுதியது, அவரவர் எழுதிய வரி அவரவருக்குச் சொந்தம். எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். ஐந்து பேர் உடனே கொடுத்தார்கள். தமிழாசிரியர் தன் கையெழுத்தில் ஒரு கடிதமே எழுதி அனுப்பினார். பிரிண்டர் பகுதியை எழுதிய தம்பியை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. மின்னஞ்சல் திரும்பி வந்தது, கைபேசி எண் வேறொருவரிடம் போயிருந்தது. அவர் மறுக்கவில்லைதான், ஆனால் சம்மதமும் இல்லையே. அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, பழையதைப் பார்க்காமல் மூன்று வாரம் உட்கார்ந்து புதிதாக எழுதினேன். அவருடைய நிரல் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. இப்போதும் அந்த இழப்பு உறுத்துகிறது. முதல் நாளே ஓர் உரிமக் கோப்பு வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

இப்போது பங்களிக்கிறவர்கள் ஒவ்வொரு மாற்றத்தோடும் 'இது நான் எழுதியது அல்லது தர எனக்கு உரிமை உள்ளது, இந்த உரிமத்தில் தருகிறேன்' என்று ஒரு வரியில் ஒப்புதல் போடுகிறார்கள். லினக்ஸின் மையப் பகுதியான கருவில் (கெர்னல்) 2004 முதல் இந்த முறைதான். ஒரு விநாடி வேலை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ரசீதில் நான் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு எஸ்.ஐ.எல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வந்தது. அந்த உரிம வாசகத்தைக் கூடவே வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. நான் வைக்கவில்லை. என் பெயரை அழித்தார்கள் என்று நான் அலைந்த அதே நாட்களில், அந்த எழுத்துருவை வரைந்தவரின் பெயரை நான் விட்டிருந்தேன். அடுத்த பதிப்பிலேயே சேர்த்துவிட்டேன். பெயர் போடுவது என்பது கொடுக்கிறவர், எடுக்கிறவர் இருவருக்கும் பழக வேண்டிய பழக்கம்.

மென்பொருளின் பெயரை உரிமம் காப்பாற்றாது என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டம் போட்ட சேலையை யார் வேண்டுமானாலும் நெய்யலாம். காரைக்குடி கண்டாங்கி என்று சொல்லி விற்க 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வரம்பு வந்துவிட்டது. அதுபோல நிரல் ஒரு பக்கம், பெயர் இன்னொரு பக்கம். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் நிரல் திறந்ததுதான், ஆனால் அந்தப் பெயரையும் சின்னத்தையும் மாற்றிய பதிப்புக்குப் பயன்படுத்துவதில் அதை வெளியிடும் மொசில்லாவோடு உடன்பாடு வராததால், லினக்ஸ் தொகுப்பு ஒன்றை வெளியிடும் டெபியன் குழு 2006-இலிருந்து 2016 வரை அதை ஐஸ்வீசல் என்ற பெயரில்தான் கொடுத்து வந்தது. பெயருக்கு வணிகக் குறிச் சட்டம், 1999. தனி ஆள் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகைக்கு 4,500 ரூபாய், பதிவானால் பத்து வருஷம், அப்புறம் புதுப்பிக்கலாம். பிள்ளைகள் எல்லோரும் இதைச் செய்ய வேண்டியதில்லை. பெயருக்கு மதிப்பு வந்த பிறகு செய்தால் போதும்.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

புராஜெக்ட் சமர்ப்பிக்கும்போது பைண்டிங் செய்த அறிக்கை கேட்கிறீர்கள், வழிகாட்டியின் கையெழுத்துக் கேட்கிறீர்கள், 'இது எங்கள் சொந்த வேலை' என்று உறுதிமொழி வாங்குகிறீர்கள். அதோடு, மூல நிரல் கோப்புறையில் லைசென்ஸ் என்ற கோப்பு இருக்கிறதா, அதில் வருஷமும் எழுதியவர்கள் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தவர் நிரல் எதெல்லாம் சேர்ந்திருக்கிறது, அது எந்த உரிமத்தில் வந்தது என்று ஒரு பக்கம் கேளுங்கள். அடுத்தவர் நிரலை எடுப்பது குற்றமில்லை, நாங்கள் எல்லோரும் எடுத்துத்தான் கட்டுகிறோம். சொல்லாமல் எடுப்பதுதான் தப்பு. அந்த உறுதிமொழியில் 'சொந்த வேலை' என்று மட்டும் இருப்பதால் நேர்மையாகச் சொல்ல வருகிற பிள்ளையும் பயந்து பெயரை அழிக்கிறான். அந்தத் தம்பி என்னிடம் சொன்னது இதைத்தான்: 'பேர் இருந்தா மார்க் குறைப்பாங்கண்ணே.' தயவுசெய்து இதை மாற்றுங்கள். பெயர் சொன்னவருக்கு மார்க் கூட்டுங்கள்.

வைவாவில் வழக்கமான கேள்விகளோடு ஒரு கேள்வி சேருங்கள்: இந்த வரியை எழுதியது யார், அவர் உனக்கு எந்த உரிமையைக் கொடுத்திருக்கிறார்?

இன்னொரு கோரிக்கை கொஞ்சம் கடினமானது. நான் பார்த்த ஒரு படிவத்தில், புராஜெக்ட் தொடர்பான எல்லா உரிமையும் நிறுவனத்துக்கே என்று ஒரு வரி பொடி எழுத்தில் இருந்தது. மாணவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வேலைக்கு இருப்பவர் வேலையின் பகுதியாக எழுதுவதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியே முதல் உரிமையாளர் என்கிறது. மாணவர் உங்கள் சம்பள ஊழியர் அல்லவே. ஃபீஸ் கட்டிப் படிக்கிறவர் எழுதியது அவருடையது. கல்லூரிக்கு அதைப் பயன்படுத்த, வைத்திருக்க, அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட அனுமதி வேண்டுமானால் அதைக் கேட்டு வாங்குங்கள். திறந்த மூல உரிமம் இருந்தாலே அந்த அனுமதி தானாக வந்துவிடும், தனிப் படிவமே வேண்டாம். உரிமையையே எழுதி வாங்காதீர்கள். அப்படி வாங்கினாலும், எழுதியவர் நான்தான் என்று சொல்லும் உரிமை 57-ஆம் பிரிவின்படி அவரிடமே இருக்கும். வேலைக்குச் சேரப் போகிற பிள்ளைகளுக்கும் இந்த 17-ஆம் பிரிவைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். ராத்திரி சொந்தமாக எழுதுவது யாருடையது என்பதை வேலை ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

எழுதியதற்குச் சாட்சி வைத்திருக்கவும் பழக்குங்கள். கடைசி நாள் எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாக ஏற்றாமல், முதல் நாளிலிருந்து மாற்றங்களைத் தேதியோடு வைத்திருக்கும் கிட் என்ற கருவியில் ஒவ்வொரு மாற்றமாகப் பதிவு செய்யட்டும். 2020-இல் நான் 'கானாடுகாத்தான்' திருத்திய பதிவு தேதியோடு இருந்ததால்தான் என் வழக்கறிஞர் அந்த நோட்டீஸையே எழுத முடிந்தது. கூடுதல் பலம் வேண்டுமானால் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்யலாம். 2021-இல் விதி மாறிய பிறகு மூல நிரலின் முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும் கொடுத்தால் போதும்.

இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க ஒரு செமஸ்டர் தேவையில்லை. ஐந்தாம் செமஸ்டரில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். எந்தக் கல்லூரி என்றாலும், எந்தச் சனிக்கிழமை என்றாலும் சரி, பணம் வேண்டாம். அந்தத் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பேசினால் பிள்ளைகள் இன்னும் கவனமாகக் கேட்பார்கள். அப்பாவின் பழைய மொய் நோட்டு ஒன்றையும், தேவகோட்டையில் வாங்கிய அந்த ரசீதையும் எடுத்து வருகிறேன். அது வெப்பத்தில் அச்சாகிற தாள் என்பதால் எழுத்து வெளிறிக்கொண்டே வருகிறது, இப்போதைக்கு ஊர்ப் பெயர் மட்டும் இன்னும் படிக்க முடிகிறது.

மரியாதையுடன்,
'ஏடு' எழுதியவன்,
காரைக்குடி.